காப்பார் சாலையில் ஒரு சனிக்கிழமை

சிரம்பானிலிருந்து நாங்கள் கிளம்பியபோது காலை மணி ஆறரை. மச்சானின் வேனில் பின்னால் நான்கு ரிம்கள் பழைய கைலியில் சுற்றிக் கிடந்தன. 15 அங்குலம், ஜப்பான் சாமான், கறுப்புச் சாயம் அடித்தவை. மூன்று நல்லவை. ஒன்றில் வெல்டிங் இருக்கிறது.

அந்த ஒன்றைப் பற்றித்தான் வழியெல்லாம் பேச்சு.

"கேட்டா சொல்லு. கேக்கலன்னா நீயா ஏன் வாயத் தொறக்கணும்? யூஸ்டு சாமான் வாங்குறவன் பார்த்துதான் வாங்கணும்" என்றார் மச்சான். அவர் கெட்டவர் அல்லர். பழைய காடி சாமான் வாங்கி விற்கும் எல்லாரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். நானும் அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என்னிடம் இருப்பது அப்பாவின் 1991ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா 1.5. அவர் வாங்கிய முதல் புதுக் காடி, கடைசிக் காடியும் அதுதான். அவர் இறந்த பிறகு அதை விற்க மனம் வரவில்லை. சனி, ஞாயிறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அழகுக்காக 15 அங்குல ரிம் போட்டேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு மழை இரவில் குழியில் விழுந்து ஒன்று விரிசல் கண்டது. வெல்டிங் செய்து, சாயம் அடித்து வாங்கி வந்தேன். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அதன் பிறகு நானே அதை மாட்டி ஓட்டவில்லை. அப்பா ஓட்டிய 13 அங்குல இரும்பு ரிம்களுக்கே திரும்பிவிட்டேன்.

அன்றைய பயணத்தில் மூன்று வேலைகள். காலையில் காப்பார் சாலையில் ஓர் ஆல்டர்னேட்டர் வாங்க வேண்டும். மதியம் கிள்ளானில் ஓர் ஆன்ட்டி வீட்டில், அவருடைய கணவர் விட்டுச் சென்ற சாகா சாமான்களைப் பார்க்க வேண்டும். மாலையில் புக்கிட் ராஜா பக்கம் ஒரு பையனிடம் இந்த ரிம்களை விற்க வேண்டும்.

பாதிக் காடிகளின் ஊர்

கிள்ளான் போய்ப் பசியாறாமல் வர முடியுமா? ஜாலான் தெங்கு கிளானாவில் பூக்கடைகள் திறந்துகொண்டிருந்த நேரம். தோசையும் தே தாரிக்கும் முடித்துவிட்டு, கிள்ளான் ஆற்றைக் கடந்து வடக்கே காப்பார் சாலையில் ஏறினோம். ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ரப்பரும் செம்பனையும். நம் ஆட்கள் பால்மரம் சீவிய இடங்கள். இன்று தொழிற்சாலைகள், லாரிகள், தகரக் கூரைக் கொட்டகைகள். அந்தக் கொட்டகைகளில் சிலவற்றுக்குள்தான் பாதிக் காடிகள் அடுக்கிக் கிடக்கின்றன.

முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு அது விசித்திரமான காட்சி. மூக்கு இருக்கிறது, கண் இருக்கிறது, உடம்பு இல்லை. முன்கதவுக்கு அருகே வெட்டப்பட்ட காடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், டேஷ்போர்டு, வயர்கள் எல்லாம் அந்தப் பாதியில் அப்படியே இருக்கும். நாம் இதை 'ஹாஃப்கட்' என்கிறோம்.

ஏன் ஜப்பானிலிருந்து இவ்வளவு வருகிறது? அங்கே சொந்தக் காடிகளுக்குக் கட்டாயப் பரிசோதனை உண்டு. புதுக் காடிக்கு முதல் மூன்று ஆண்டுகளில் ஒருமுறை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. காடி பழையதாக ஆக அந்தச் செலவு கையைக் கடிக்கும். அதனால் நன்றாக ஓடும் காடியைக்கூட விட்டுவிடுகிறார்கள். ஜப்பானிலும் நம்மைப்போல் ஸ்டீயரிங் வலப்பக்கம்தான். ஆகவே டேஷ்போர்டு, ஸ்டீயரிங் ராக் எல்லாம் நமக்குப் பொருந்தும். அதோடு, சாகாவே மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டு உருவானது. 1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகமான நம் முதல் தேசியக் காடிக்கு ஜப்பானில் சொந்தக்காரர்கள் உண்டு என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். கொள்கலன்கள் வந்து இறங்கும் கிள்ளான் துறைமுகமும் பக்கத்தில்தான். கடைகள் இங்கே பெருகியதில் ஆச்சரியமில்லை.

நாங்கள் போன கடையின் தவுக்கே அறுபது வயதுச் சீனர். மலாயில் பேசுவார், நடுநடுவே 'தம்பி' போடுவார். ஆல்டர்னேட்டர் வேண்டும் என்றதும் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"220 வெள்ளி."

போவதற்கு முன்பே நான்கு இடங்களில் விலை கேட்டு வைத்திருந்தேன். 160 முதல் 200 வரை. பேரம் பேசப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான். விலை தெரியாமல் "போலே கூராங்?" என்று கேட்பது பேரம் அல்ல, பிச்சை. விலை தெரிந்துகொண்டு அடிமாட்டு விலைக்குக் கேட்பதும் பேரம் அல்ல, அவமதிப்பு.

"150 சரியா வருமா பாஸ்? ஆனா முதல்ல ஓட்டிக் காட்டுங்க" என்றேன்.

அவர் அதைப் பெஞ்சில் பூட்டி, பேட்டரி வயரை இணைத்து, மோட்டாரால் சுற்றவிட்டார். மீட்டரில் 14.1 வோல்ட். 14ஐ ஒட்டி நின்றால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். எனக்குத் திருப்தி. பர்ஸை எடுக்கப் போனேன்.

தவுக்கே கையைக் காட்டி நிறுத்தினார். "கேளு. சத்தம் கேக்குதா?"

காதைக் கிட்டே வைத்தேன். மெல்லிய உறுமல். எனக்குக் கேட்டிருக்காது.

"பேரிங் போகப் போகுது. இன்னும் ஆறு மாசமோ ஒரு வருஷமோ. மாத்திட்டுப் பூட்டு. உன் ஃபோர்மேனுக்கு அரை மணி நேர வேலை. அதனால 170 குடு."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கேட்காமலேயே குறையைச் சொல்லி, விலையையும் குறைத்த ஓர் ஆள் எங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். 170 கொடுத்தேன். அதற்கு மேல் ஒரு வெள்ளிகூடக் குறைக்கச் சொல்லி வாய் வரவில்லை.

ரசீதில் 'ஒரு வாரம் மாற்றித் தரப்படும்' என்று எழுதி, ஆல்டர்னேட்டரின் உடலில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டார். "எல்லா வாடிக்கையாளரும் நல்லவன் இல்ல தம்பி. என் நல்ல சாமானை வாங்கிட்டுப் போய், தன்னோட கெட்டுப்போன சாமானைக் கொண்டுவந்து மாத்திக் கேக்குறவனும் இருக்கான்."

பேரத்தில் ஏமாறுவது எப்போதும் வாங்குபவர் மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு அது புதுச் செய்தி.

பேச்சோடு பேச்சாக ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். "சொல்லலன்னா ஆறு மாசத்துல நீ திட்டுவ. அப்புறம் உன் கூட்டாளியும் வரமாட்டான். பாதிக் காடியை மொத்தமா வாங்குறேன். எஞ்சின், கியர்பாக்ஸ் வித்தா போட்ட முதல் வந்துடும். மத்ததெல்லாம் இடத்த அடைச்சுக்கிட்டுக் கிடக்கும். ஆள் திரும்பி வந்தாதான் அது காசு."

சரம் தொங்கிய வீடு

மதியம் கிள்ளானில் ஒரு பழைய தாமான். வாசலில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கிய வரிசை வீடு. கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய சாகாவைப் பழைய இரும்புக்குக் கொடுத்தாகிவிட்டது. ஸ்டோர் ரூமில் மூன்று பெட்டிகள் மிச்சம். மச்சானோடு வேலை செய்யும் ஒருவர் சொல்லித்தான் போனோம்.

ஆன்ட்டி முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு பெட்டிகளைக் காட்டினார். "எல்லாத்துக்கும் சேர்த்து 200 வெள்ளி குடுங்க தம்பி. இடம் காலியானா போதும்."

முதல் பெட்டியில் பின்விளக்குக் கண்ணாடிகள் ஒரு ஜோடி, மீட்டர் கிளஸ்டர், கதவுக் கைப்பிடிகள். இரண்டாவதில் பிறையும் 14 முனை நட்சத்திரமும் கொண்ட பழைய புரோட்டோன் சின்னம், கீறலில்லாமல். சாகாவைப் பழையபடி ஆக்க நினைப்பவர்களுக்கு இதெல்லாம் பொக்கிஷம். 200 என்பது நியாயமான விலைதான். இருவருக்கும் நட்டமில்லை.

மூன்றாவது பெட்டியில், பழைய துண்டில் சுற்றி, மரத்தாலான ஒரு ஸ்டீயரிங். நடுவில் 'நார்டி' என்ற பெயர். இத்தாலியில் செய்தது. மரம் வெடிக்கவில்லை. பளபளப்பு மங்கியிருந்தது, அவ்வளவுதான். நானும் ஒன்று வாங்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பார்த்து வந்ததால் விலை தெரியும். இந்த நிலையில் இருப்பது எண்ணூறு, தொள்ளாயிரம் வெள்ளிக்குக் குறையாமல் கைமாறும்.

மச்சானின் முழங்கை என் விலாவில் இடித்தது. அர்த்தம் தெரியும்: பேசாம 200ஐ எடுத்துக் குடு.

உண்மையைச் சொல்கிறேன். பர்ஸில் கை வைத்தேன். மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. விலை சொன்னது அவர். நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த விஷயம் நான் பல வருடம் அலைந்து கற்றுக்கொண்டது. இதெல்லாம் சரியான வாதங்கள்தான். ஒரு கடைக்காரரிடம் என்றால் அப்படியே வாங்கியிருப்பேன். அவருடைய தொழில் அது, விலை தெரிந்துகொள்ள வேண்டியது அவர் பொறுப்பு. ஆனால் இந்த ஆன்ட்டி கடை நடத்தவில்லை. தன் வீட்டுக்காரரின் பெட்டியைத் திறந்து, எங்களை நம்பி உட்கார வைத்திருக்கிறார். காலையில் அந்தத் தவுக்கே கையைக் காட்டி நிறுத்தியது ஞாபகத்துக்கு வந்தது.

"ஆன்ட்டி, இது என்னன்னு தெரியுமா?"

அவர் சிரித்தார். "தெரியாம என்ன? இதுக்குத்தான் ஒரு மாசம் அவரோட பேசாம இருந்தேன். தீபாவளிக்கு வச்சிருந்த காச எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வந்துட்டாரு. கேட்டா, 'இதுக்கு வெல போகாது, ஏறும்'னு சொல்லுவாரு. ஒரு ரவுண்டு கட்டைக்கு என்ன வெல ஏறும்னு நான் கேப்பேன்."

"ஏறித்தான் இருக்கு" என்றேன். விவரமாகச் சொன்னேன். இன்றைக்கு எவ்வளவு போகும், மெருகேற்ற எவ்வளவு செலவு, வாங்க ஆள் தேட எத்தனை நாள் ஆகும். நான் வாங்குவதாக இருந்தால் 650 வெள்ளி தர முடியும். நேரடியாகச் சேகரிப்பவர்களிடம் விற்றால் இன்னும் கூடுதலாகக் கிடைக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னேன். தெரிந்ததை எல்லாம் மேசையில் வைத்த பிறகு நான் லாபம் பார்ப்பதில் எனக்குக் கூச்சமில்லை. என் அலைச்சலுக்கும் அறிவுக்கும் ஒரு கூலி உண்டு. அது எவ்வளவு என்று அவருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆன்ட்டி ஸ்டீயரிங்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்போ அவரு சொன்னது நெசந்தான்" என்றார்.

அதை அவர் விற்கவில்லை. மற்ற இரண்டு பெட்டிகளுக்கும் 200 வெள்ளி கொடுத்தேன். ஸ்டீயரிங் போனதால் குறைத்துக் கொடுங்கள் என்று அவரே சொன்னார். அவை மட்டுமே 200 பெறும் என்று சொல்லி முழுதாகக் கொடுத்துவிட்டு வந்தோம். வேனில் ஏறியதும் மச்சான், "உனக்கு இனி நார்டி கெடைச்ச மாதிரிதான்" என்றார். கிடைக்கவில்லைதான். இன்றுவரை கிடைக்கவில்லை.

முன்சீட்டில் ஓர் அம்மா

மாலை ஐந்தரைக்குப் புக்கிட் ராஜா அருகே ஒரு பெட்ரோல் நிலையம். பையன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம். வெள்ளை சாகா இஸ்வாரா, நன்றாகத் துடைத்து வைத்திருந்தான். முன்சீட்டில் அவனுடைய அம்மா. சந்தையிலிருந்து அப்படியே அழைத்து வந்திருக்கிறான். காலடியில் காய்கறிப் பை.

நான்கும் 600 வெள்ளி என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பையன் கெட்டிக்காரன். ரிம்மின் உள்பக்கம் ஜப்பானின் ஜேடபிள்யூஎல் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தான். நட்டு அளவு 114.3 தானா என்று டேப் வைத்து அளந்தான். டயரின் ஓரத்தில் உள்ள நான்கு எண்களைப் படித்து, எந்த ஆண்டில் செய்தது என்று கணக்குப் போட்டான். வெல்டிங் இருந்த ரிம்மையும் புரட்டினான். சாயம் தன் வேலையைச் செய்திருந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

"ஓகே அண்ணே" என்று காசை எண்ணத் தொடங்கினான்.

கேட்டால் சொல்வேன் என்றுதான் வந்திருந்தேன். அவன் கேட்கவில்லை. மச்சான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கண்ணாடியை இறக்கி, "சீக்கிரம் முடிப்பா, இருட்டப் போகுது" என்றார்.

"தம்பி, காசை வை. ஒண்ணு சொல்லணும்."

ரிம்மைத் திருப்பி, உள்வளையத்தில் சாயத்துக்கு அடியில் லேசாக மேடிட்டிருந்த கோட்டின் மீது அவன் விரலை வைத்துத் தடவச் சொன்னேன். விரிசல் விழுந்ததையும் வெல்டிங் செய்ததையும் சொன்னேன். அலுமினிய ரிம்மில் வெல்டிங் பட்ட இடத்தைச் சுற்றி உலோகம் பலவீனப்படும். மெதுவாக ஓட்டும்போது தெரியாது. வேகமாகப் போகும்போது இன்னொரு குழி போதும்.

"நானே இத மாட்டல" என்றேன்.

பையன் முகம் மாறியது. "ஃபோன்ல ஏன் சொல்லல?"

நியாயமான கேள்வி. அவன் பெட்ரோல் செலவழித்து வந்திருக்கிறான். "சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

அவன் அப்படியே போயிருக்கலாம். போகவில்லை. மற்ற மூன்றையும் மீண்டும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். இப்போது அவனுக்கு எங்கே தேட வேண்டும் என்று தெரியும். பிறகு, "மூணுக்கு எவ்வளவு?" என்றான்.

கணக்குப்படி ஒன்று 150, மூன்று 450. ஆனால் மூன்று ரிம் என்பது ஒரு செட் அல்ல. நான்காவதைத் தேடும் அலைச்சல் அவனுடையது. ஒற்றை ரிம் எப்போதும் விலை கூடுதலாகத்தான் இருக்கும். இதையும் அவனிடமே சொன்னேன். அவன் 300 என்றான். நான் 375 என்றேன். அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் காடிக்குள் இருந்தபடியே, "350ல முடிங்கப்பா" என்றார். முடித்தோம். காலையில் பார்த்த தவுக்கேயின் கடை இருக்கும் இடத்தையும் சொல்லி அனுப்பினேன். அங்கே ஒற்றை ரிம்கள் சுவரில் நிறையத் தொங்கின.

போக நினைப்பவர்களுக்கு

காப்பார் சாலைக் கடைகளுக்குக் காலையிலேயே போங்கள். மதிய வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்க முடியாது. பழைய சட்டை, மூடிய காலணி, ஒரு டார்ச் லைட். உங்கள் பழைய சாமானையோ அதன் படத்தையோ கொண்டு போங்கள். வாயால் விளக்குவதைவிட அது மேல். மின்சாமான் என்றால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்ட முடியாது என்றால், அந்த ஆபத்துக்கு ஏற்றபடி விலை பேசுங்கள். மாற்றித் தருவார்களா, எத்தனை நாளைக்குள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். எஞ்சின் வாங்குகிறீர்கள் என்றால் ரசீதோடு இறக்குமதிப் பத்திரங்களும் வேண்டும். எஞ்சின் எண் மாறினால் ஜேபிஜேயில் பதிவை மாற்றியாக வேண்டும். பத்திரம் இல்லாத மலிவு எஞ்சின் கடைசியில் மலிவாக இருக்காது.

விற்பவராக இருந்தால், குறையைப் படமெடுத்து முதல் பேச்சிலேயே அனுப்பிவிடுங்கள். நான் பெட்ரோல் நிலையத்தில் சொன்னது தாமதம்தான். பிரேக், ஸ்டீயரிங், ரிம் போன்றவற்றில் ஆபத்தான குறை இருந்தால், அதற்கு விலையே கிடையாது. குறைந்த விலைக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. நாம் சொல்லி விற்றாலும், வாங்கியவர் அடுத்தவரிடம் சொல்லாமல் விற்கலாம்.

அன்றிரவு சிரம்பானுக்குத் திரும்பும்போது பின்னால் ஒரு ரிம் மட்டும் உருண்டுகொண்டே வந்தது. வளைவுகளில் டொக், டொக் என்று இடித்தது. மச்சான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவரே அதை எடுத்துப்போய், யாரும் மறுபடி மாட்ட முடியாதபடி கிரைண்டரால் இரண்டாக அறுத்தார். பழைய இரும்புக் கடையில் எடை போட்டுக் கொடுத்த காசில் நாங்கள் இருவரும் தே தாரிக் குடித்தோம். ரொட்டி சானாய்க்கும் மிச்சமிருந்தது.